சிவப்பு வயரின் முடிச்சு

தம்பி,

நீ பெரிய பை வாங்கி வர நல்லூருக்குப் போயிருக்கிறாய். சிநேகிதனோடு பேசி, அவன் வீட்டில் ஒரு டீயும் குடித்துவிட்டு, பஸ் பிடித்து வந்து சேர எப்படியும் நாலு மணியாகும். ஏழு மணி ரயிலுக்கு உன் துணிகளை மடித்து வைத்துவிட்டேன். சர்டிபிகேட் ஃபைல் மேசைமேல் இருக்கிறது. அதில் எல்லாவற்றுக்கும் மேலாக இருப்பது மெடிக்கலுக்கு வரச் சொன்ன கடிதம். அதற்கும் மேலே இதை வைக்கப் போகிறேன். ஃபைலைத் திறந்ததும் முதலில் என் கையெழுத்துதான் உன் கண்ணில் பட வேண்டும்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இந்தத் தடவையும் சொல்லாமல் போய்விடுவேன். நாளை மறுநாள் ஒரு டாக்டர் உன் முன்னால் ஒரு புத்தகத்தைத் திறப்பார். பக்கம் பக்கமாகக் கலர் புள்ளிகள் இருக்கும். புள்ளிகளுக்கு நடுவே என்ன எண் தெரிகிறது என்று கேட்பார். முதல் பக்கத்தை நீ சரியாகச் சொல்வாய். அதற்கப்புறம் உன்னால் சொல்ல முடியாது. ரயில் ஓட்டுகிற வேலைக்கு உன்னை எடுக்க மாட்டார்கள். இது எனக்கு உன்னுடைய எட்டு வயதிலிருந்து தெரியும். எழுத்துப் பரீட்சையில் நீ தேறிய அன்று தெரு முழுக்க லட்டு கொடுத்துக்கொண்டு போனேனே, அன்றும் தெரியும்.

உனக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது, தம்பி. மற்றவர்கள் கண்ணில் வந்து அடிக்கிற சிவப்பு உனக்கு மங்கி, கறுப்புக்குப் பக்கத்தில் போய் நின்றுவிடுகிறது. பச்சையும் பழுப்பும் உனக்குக் கலந்துபோய்விடுகின்றன. பிறக்கும்போதே வந்தது. என் வழியாக வந்தது. இதைச் சொல்லத்தான் எனக்குப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கிறது.

எட்டு வயது வரைக்கும் இது எப்படி யாருக்கும் தெரியாமல் இருந்தது என்று நீ கேட்பாய். நானும் என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். வேறு ஊரில், வேறு வேலை செய்கிற வீட்டில் நீ பிறந்திருந்தால் மூன்று வயதிலேயே தெரிந்திருக்கும். நம் வீட்டில் பச்சை என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். உன் அப்பா செராமிக் ஷெட்டில் பொம்மைகளை வண்ணப்பூச்சுத் தொட்டியில் முக்கி எடுக்கிறவர். நான் அச்சிலிருந்து கழற்றிய பொம்மைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, கத்தியால் ஓரம் சுரண்டி, ஸ்பாஞ்சால் துடைத்துக் கொடுக்கிறவள். சூளையில் வேகாத பொம்மைக்குப் பேரே பச்சைதான். "பச்சயத் தொடாத, ஒடஞ்சிடும்" என்பதுதான் நீ தவழும்போது அதிகமாகக் கேட்ட வார்த்தை. மூன்று வயதில் என்னுடைய அரக்கு ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்து, "பச்ச, பச்ச" என்றாய். உன் அப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இன்னும் வேகலயாம்டி ஒன் ஜாக்கெட்டு!" என்றார். அன்றிலிருந்து நீ எந்த நிறத்தை மாற்றிச் சொன்னாலும் வீட்டில் அதே கேலிதான். "உம்புள்ள சூளையில வச்சி எடுத்த கலரச் சொல்றான்." தொட்டியில் சாம்பலாக இருப்பது வெந்து நீலமாக வரும், மங்கின ரோஸாக இருப்பது வேறொன்றாக வரும். கண்ணுக்கு முன்னால் தெரிகிற நிறத்தை யாரும் நம்பாத வீடு இது. அதனால் நீ சொன்ன தப்பு எங்கள் காதில் தப்பாகவே விழவில்லை.

ஆனால் ஒரு தடவை விழுந்தது. நீ ஒன்றாம் வகுப்பு. மரம் வரைந்து, இலைக்குப் பழுப்பும் அடிமரத்துக்குப் பச்சையும் அடித்துக்கொண்டு வந்தாய். டீச்சர் சிவப்பு மையில் வட்டம் போட்டு, வீட்டில் கவனிக்கவும் என்று எழுதியிருந்தார்கள். தெருவில் பட்டம் வாங்கின பொம்பளை நான் ஒருத்திதான். என் பிள்ளை இலைக்குப் பழுப்பு அடிக்கிறானே என்று எனக்கு ரோஷம். உன்னை உட்காரவைத்து மறுபடி வரையச் சொன்னேன். மறுபடியும் பழுப்பையே எடுத்தாய். ஸ்கேலால் உள்ளங்கையில் ஒன்று வைத்தேன். மூன்றாவது தடவை நீ கிரேயானை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், அதில் சுற்றியிருந்த காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று எழுத்துக் கூட்டிப் படித்தாய். அப்புறம் சரியாக அடித்தாய். நான் அடித்ததால்தான் ஒழுங்காகச் செய்தாய் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு கிரேயான் காகிதம் கிழிந்தால் நீ அழுவாய். ஒரு துண்டுக் காகிதத்துக்கு இவ்வளவு அழுகையா என்று அதற்கும் திட்டியிருக்கிறேன். உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. எனக்கு அந்த உள்ளங்கை ஞாபகம் இருக்கிறது.

எட்டு வயது கோடை லீவில் பெண்ணாடத்தில் உன் பாட்டன் வீட்டுப் பரணிலிருந்து அந்த டிவி கேமைத் தூக்கிக்கொண்டு வந்தாய். உன் மாமா, என் தம்பி, பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வெளிநாட்டுச் சாமான் கடையில் ஆசைப்பட்டு வாங்கின பெட்டி அது. கேசட் செருகி விளையாடுவது. அவன் துபாய் போன பிறகு யாரும் தொடவில்லை. நம்மிடம் அப்போது பின்பக்கம் புடைத்த டப்பா டிவிதான். உன் அப்பா, "இது உசுரோட இருக்கும்னு எனக்கு நம்பிக்கயில்ல" என்றார். நீ கேட்கவில்லை. "அம்மா படிச்சவங்க, அவங்க பண்ணுவாங்க" என்றாய். நான் படித்தது விலங்கியல். அதற்காக விட முடியுமா?

முதலில் கரெண்டே ஏறவில்லை. அடாப்டர் வயர் நடுவில் அறுந்து, உன் மாமா என்றைக்கோ ஒட்டுப் போட்டு டேப் சுற்றியிருந்தான். டேப்பைப் பிரித்தேன். உள்ளே ஒரு சிவப்பு வயர், ஒரு கறுப்பு வயர். சிவப்பு வயரின் இரண்டு முனையிலும் அழுக்கேறின நூலால் ஒவ்வொரு முடிச்சு போட்டிருந்தது. எதற்கு இந்த நூல் என்று கூட யோசிக்கவில்லை. பிளேடால் நறுக்கித் தூக்கிப் போட்டேன். சிவப்போடு சிவப்பு, கறுப்போடு கறுப்பு முறுக்கிப் புது டேப் ஒட்டினேன். பெட்டியில் விளக்கு எரிந்தது. நீ என் கழுத்தைக் கட்டிக்கொண்டாய்.

விளக்கு எரிந்தது, படம் வரவில்லை. டிவி முழுக்க ஈசல் பறந்தது. ரிமோட் எப்போதோ தொலைந்திருந்தது. முன்பக்கப் பட்டனை ஒவ்வொரு சேனலாக அமுக்கி அமுக்கி, கடைசியில் ஏவி என்று எழுத்து வந்ததும் ஈசல் போய்த் திரை கறுப்பானது. கேசட்டைச் செருகினால் கட்டம் கட்டமாகக் கோணல் எழுத்துகள். நீ கேசட்டைப் பிடுங்கி வாயில் வைத்து ஊதினாய். உன் அப்பாவும் ஊதினார். ஷெட்டிலிருந்து அப்படியே வந்தவர், சட்டையெல்லாம் வெள்ளைக் களிமண் தூள். ஊத ஊதத் தூள் அதற்குள்ளேதான் போனது. "ரெண்டு பேரும் எச்சியத் துப்புறத நிறுத்துறீங்களா?" என்று வாங்கி, உன் பென்சில் ரப்பரால் கேசட்டின் தகடுகளை அழித்தேன். கறுப்பு கறுப்பாக அழுக்கு வந்தது. பிரஷ்ஷால் தட்டிவிட்டுச் செருகினேன். படம் வந்தது. ஆனால் கறுப்பு வெள்ளையாக, கீழிருந்து மேலே உருண்டுகொண்டே.

அப்போதுதான் அன்வர் பாய்க்குப் போன் போட்டேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தவர். "தங்கச்சி, அது வேற தேசத்து சிஸ்டம். டிவி மெனுவுல கலர் சிஸ்டம்னு இருக்கும், அத மாத்துங்க. ஒண்ணு மாத்துனா ஒரு தடவ பாருங்க. ஒரே நேரத்துல ரெண்ட மாத்துனா எது கெட்டதுன்னு கடசி வரைக்கும் தெரியாது" என்றார். மாற்றினேன். உருண்டது நின்றது, கலர் வந்தது. "கலரு! கலரு!" என்று நீ குதித்தாய். மஞ்சளும் நீலமும் உனக்கு நன்றாகத் தெரியும். அதனால் அன்றும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. கடவுள் எனக்கு இன்னும் ஒரு மாசம் நிம்மதி கொடுத்தார் என்று வைத்துக்கொள்.

லீவு முடிய ஒரு வாரம் இருக்கும். சாயங்காலம் பொம்மைத் தட்டை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தால், டிவியில் எல்லாமே பாசி பிடித்த மாதிரி இருந்தது. உன் கேமில் ஓடுகிற ஆளுக்குச் சிவப்புத் தொப்பி, சிவப்புச் சட்டை. அது எல்லாம் இருண்டு கிடந்தது. வெள்ளை எழுத்தெல்லாம் நீலப்பச்சை. நீ பாட்டுக்கு விளையாடிக்கொண்டிருந்தாய். நான் வயரைப் பிடுங்கிச் செருகினேன். கேசட்டை ரப்பரால் அழித்தேன். மெனுவைப் பார்த்தேன். ஒன்றொன்றாக, பாய் சொன்ன மாதிரியே. நீ சலித்துப்போய், "நல்லாதானம்மா இருக்குது, ஏன் நோண்டிக்கினே இருக்கிற?" என்றாய். "செவப்பே இல்லயேடா." "இருக்குதேம்மா, தொப்பி!" என்று அந்த இருட்டைத் தொட்டுக் காட்டினாய். உன்னை நகரச் சொல்லிக் கேபிள் சேனலைப் போட்டேன். செய்தி வாசிக்கிற அம்மாவும் பாசி நிறத்தில்தான் இருந்தார்கள். அப்படியானால் பெட்டியில் தப்பில்லை, டிவியில்தான் தப்பு என்று முடிவு கட்டினேன். ரொம்பப் புத்திசாலித்தனமாகத்தான் நடந்துகொண்டேன். பெட்டி, வயர், கேசட், திரை என்று எல்லாவற்றையும் சோதித்தவள், திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த உன்னை மட்டும் விட்டுவிட்டேன்.

மறுநாள் பாய் வந்தார். டிவியின் பின்மூடியைக் கழற்றிவிட்டு, உள்ளே ஒரு சின்னத் தட்டை ஸ்க்ரூ டிரைவர் பிடியால் மெல்லத் தட்டினார். "ஈயம் பத்தவச்சது விட்டிருக்கு. நான் தட்டுறேன், வருதான்னு பாத்துச் சொல்லுங்க." தட்டினார். திரையில் சிவப்பு சடாரென்று வந்தது. "வந்துருச்சு!" என்றேன். இன்னொரு தட்டு. "போச்சு, போச்சு" என்றார் உன் அப்பா. இன்னொன்று. "வந்துருச்சு பாய், அப்புடியே வுடுங்க!" நீ டிவிக்கு நேர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாய். எங்கள் முகத்தைப் பார்த்தாய். திரையைப் பார்த்தாய். அப்புறம் திரும்பி வாசலைப் பார்த்தாய்.

"யாரும்மா வராங்க?" என்றாய்.

உன் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "இவன் ஒருத்தன், இன்னும் வேகல!" நானும் சிரித்தேன். பாய் சிரிக்கவில்லை. சிவப்பு வந்து நின்றிருந்த திரையை எட்டிப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். "தம்பி, என் பையில செவப்பு டேப்பு இருக்கும், எடு" என்றார். பையில் இரண்டு டேப் சுருள் இருந்தன. நீ இரண்டையும் கையில் வைத்துப் புரட்டிவிட்டு, கறுப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தாய். அவர் அதையே வாங்கிக்கொண்டார். வேலை முடித்து, டீ குடித்து, டம்ளரை என்னிடம் திருப்பிக் கொடுக்கும்போது குரலை இறக்கி, "டிவி சரியாயிருச்சு தங்கச்சி. தம்பிய ஒரு கண் டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றார்.

தலைவலி என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு உன்னைக் கடலூருக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் அந்தப் புள்ளிப் புத்தகத்தைத் திறந்தார். முதல் எண்ணைச் சொல்லிவிட்டு, பாராட்டுவேன் என்று என்னைத் திரும்பிப் பார்த்தாய். அடுத்த பக்கத்தில், "இதுல ஒண்ணும் எழுதலயே டாக்டர்" என்றாய். அதற்கடுத்ததிலும் அதையேதான் சொன்னாய். எனக்கு அந்தப் பக்கங்களில் எல்லா எண்ணும் தெரிந்தது, தம்பி. பார்க்காமல் இருக்க முடியாத மாதிரி தெரிந்தது. "மருந்து கிடையாது, பயமும் கிடையாது. போலீஸ், ரயில் ஓட்டுறது, இந்த மாதிரி சில வேலைக்குத்தான் சேர்க்க மாட்டாங்க. அம்மா வழியில யாருக்காவது உண்டா?" என்று டாக்டர் கேட்டார். கல்லூரியில் இதைத்தான் கட்டம் போட்டுப் படித்தேன். அம்மாவுக்குத் தெரியாமலே அம்மாவிடம் இருக்கும், பிள்ளைக்குப் போகும். நோட்டில் பென்சிலால் கட்டம் வரைந்து, ஒரு கட்டத்தில் புள்ளி வைத்து, முழு மதிப்பெண் வாங்கினேன். கடைசி வருஷப் பரீட்சை எழுதும்போது நீ என் வயிற்றில் இருந்தாய்.

பஸ்ஸில் வரும்போது நீ என் மடியில் தூங்கிவிட்டாய். சிவப்பு வயர் எது என்று தெரிய உன் மாமா போட்டிருந்த அந்த நூல் முடிச்சு எனக்கு ஞாபகம் வந்தது. வீட்டுக்கு வந்து துபாய்க்குப் போன் போட்டேன். "உனக்குமாடா?" என்று ஒரு வார்த்தைதான் கேட்டேன். அப்புறம்தான் உன் மாமா சொன்னான். அவனும் ரயில்வேக்குத்தான் எழுதினான் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பரீட்சையில் பெயிலாகிவிட்டான் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். எங்கள் அப்பா சாகிறவரைக்கும் அவனை மக்கு என்றுதான் கூப்பிட்டார். "பரிச்ச பாஸுதான்க்கா. மெடிக்கல்ல தள்ளிட்டாங்க. குருடன்னு பேரு வாங்கறதுக்கு மக்குன்னு பேரு வாங்கறது மேலுன்னு வுட்டுட்டேன். நீ யாருகிட்டயும் சொல்லிடாதக்கா" என்றான். சொல்ல மாட்டேன் என்றேன். அவனுக்குக் கொடுத்த வாக்கை உனக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டதாக எனக்கு நானே ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். அப்பாவிடம், "கண்ணுல ஒண்ணுமில்லயாம், வெயில்ல வெளயாடக் கூடாதாம்" என்றேன்.

ஏன் சொல்லவில்லை என்று என்னிடம் நேராகக் கேட்டால், பதில் ஒழுங்காக வராது. பயம். பள்ளிக்கூடத்தில் உன்னைக் கூப்பிடப் போகிற பட்டப்பேருக்குப் பயம். உங்க வூட்டு வழியில வந்தது என்று ஒருநாள் யாராவது சொல்லிக் காட்டுவார்கள் என்ற பயம். உன் அப்பா ஒருக்காலும் சொல்ல மாட்டார், ஆனாலும் பயம். பத்து வயதில் சொல்லலாம் என்று வைத்தேன். பிறகு பதினைந்து. நீ சாயங்காலம் சாயங்காலம் ஜங்ஷன் மேம்பாலத்தில் நின்று இன்ஜின் மாற்றுகிறதைப் பார்த்துக்கொண்டிருப்பாய், நான் தேடிக்கொண்டு வருவேன், வழியெல்லாம் சொல்ல வேண்டிய வார்த்தையைக் கட்டிக்கொண்டு வருவேன். உன் முகத்தைப் பார்த்ததும், "சாப்புட வா" என்பேன். டிப்ளமோ முடிக்கும்போது குஜராத் டைல்ஸ் கம்பெனியில் வேலை கிடைத்தது. "வேணாம்மா, ரயில்வேதான்" என்றாய். அன்று வாயைத் திறந்திருந்தால் உனக்கு இரண்டு வருஷம் மிச்சமாகியிருக்கும். நான் உனக்குப் பால் காய்ச்சிக் கொடுத்துக்கொண்டிருந்தேன், படி படி என்று. உன்னைத் தெரிந்தே ஒரு முட்டுச் சந்துக்குள் நடத்திக்கொண்டு போனேன்.

இதைவிட மோசமான ஒன்றையும் சொல்ல வேண்டும். மெடிக்கல் கடிதம் வந்த மறுநாள் பிரவுசிங் சென்டருக்குப் போய் அந்தப் புள்ளிப் பக்கங்களைத் தேடி எடுத்து, கலரில் பிரிண்ட் போட்டேன். "ஸ்கூலு ப்ராஜெக்டாக்கா?" என்றான் கடைக்காரன். ஆமாம் என்றேன். எந்தப் பக்கத்தில் எந்த எண் என்று ஒவ்வொன்றின் பின்னாலும் எழுதினேன். எப்படியாவது உன்னை மனப்பாடம் பண்ண வைத்துவிடலாம் என்றுதான். உனக்கு நல்ல ஞாபகசக்தி, கிரேயான் காகிதத்தைப் படித்துத் தப்பித்தவன் நீ. ஒரு வாரம் அதைப் புடவைக்கு அடியில் வைத்திருந்தேன். போன வாரம் உன் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனவள், வழியில் ஜங்ஷனில் நின்றேன். ஒரு பாசஞ்சர் வந்து ஊருக்கு வெளியிலேயே காத்துக்கொண்டு கிடந்தது. சிக்னல் சிவப்பு. எல்லாப் பெட்டியிலும் ஜனம். நீ உள்ளே உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு வருவதாக நினைத்துப் பார்த்தேன். மழையில், பனியில், அந்தச் சிவப்பு உனக்கு எவ்வளவு தூரத்தில் தெரியும்? உன்னையும் சேர்த்துத்தான் நினைத்தேன், தம்பி. எல்லாருக்கும் முன்னால் இருக்கிறவன் நீதானே. வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் அடுப்பில் போட்டேன்.

அதனால் கேட்கிறேன், யாராவது அங்கே உனக்கு எண்களை மனப்பாடம் பண்ணிக் கொடுக்க வந்தால் வாங்காதே. தெரிந்ததைத் தெரிகிறது என்று சொல், தெரியாததைத் தெரியவில்லை என்று சொல். கண் தரம் இவ்வளவு கேட்காத வேறு வேலைகள் அவர்களிடமே இருக்கின்றன என்று படித்தேன். உன் பரீட்சைக்கு அது பொருந்துமா என்று எனக்குத் தெரியாது, டாக்டரிடமே கேள். இல்லை என்றால் இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்து பெயில் என்று மட்டும் சொல்லிவிடாதே. உன் மாமா ஒரு பொய்யை எடுத்துக்கொண்டு கடல் தாண்டிப் போனான், எங்கள் அப்பா சாவுக்குக்கூட வரவில்லை. நீ தெருவில் யார் கேட்டாலும் உரக்கச் சொல், கண்ணில் சிவப்பு தெரியாது, அம்மா வழியில் வந்தது என்று. என் பேரைச் சேர்த்தே சொல். இன்று நீ ரயில் ஏறினதும் உன் அப்பாவிடம் நான் சொல்லப் போகிறேன். "இன்னும் வேகல" என்று சிரித்ததெல்லாம் அவருக்கு இனிமேல் வலிக்கும். அந்த வலியையும் நான்தான் கொண்டுவந்து கொடுக்கிறேன்.

எழுதி இவ்வளவு தூரம் வந்த பிறகு, அந்த வயரைப் பற்றி எழுதியது சரிதானா என்று ஒரு சந்தேகம் வந்தது. அலமாரி மேலிருந்து பெட்டியை இறக்கினேன். அடாப்டர் ஒட்டில் நான் சுற்றின டேப் இல்லை. வேறு டேப், யாரோ பிரித்து மறுபடி சுற்றியிருக்கிறார்கள். டேப்புக்கு வெளியே இரண்டு பக்கமும் சிவப்பு வயரில் ஒவ்வொரு முடிச்சு. வெள்ளை நூல். உன் அப்பா பொம்மை பார்சலுக்குக் கட்டுகிற நூல்.

அதை விரலால் தடவிப் பார்த்தேன். அப்புறம் ஞாபகம் வந்தது. நீ பத்தாவது படிக்கும்போது ஒருநாள் இந்த வயரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தாய். "கரண்டு இல்லம்மா, சரியாத் தெரியல. இதுல செவப்பு எது?" என்றாய். பகல் பன்னிரண்டு மணி. ஜன்னல் திறந்திருந்தது. நான் ஒரு வயரைத் தொட்டு, "இது" என்றேன். நீ "ம்" என்று சொல்லிவிட்டுப் போனாய். நானும் தோசையைத் திருப்பிப் போட்டேன்.

அப்படியானால் உனக்குத் தெரியும். எவ்வளவு தெரியும், எதுவரைக்கும் தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும் என்பது உனக்குத் தெரிந்திருந்ததா? என்னை அழவைக்க வேண்டாம் என்று நீயும், உன்னை அழவைக்க வேண்டாம் என்று நானும் ஒரே வீட்டில், ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தோமா? என்ன நம்பிக்கையில் இரண்டு வருஷம் ராப்பகலாகப் படித்தாய், தம்பி? அந்தப் புத்தகத்தில் ஒருவேளை எண் தெரிந்துவிடும் என்றா? இந்த முடிச்சை நான் நறுக்கவில்லை. அப்படியே சுற்றி இருந்த இடத்தில் வைத்துவிட்டேன்.

பஸ் சத்தம் கேட்கிறது, நீயாகத்தான் இருக்கும். ஃபைலைத் தூக்கும்போது கனம் கூடியிருக்கிறதே என்று கேட்டால், ஜெராக்ஸ் என்பேன். அதுதான் நான் உன்னிடம் சொல்கிற கடைசிப் பொய்.

திரும்பி வருகிற அன்று போன் பண்ணாதே, எந்த ரயில் என்று மட்டும் மெசேஜ் போடு. ஜங்ஷனுக்கு நான் வருவேன். கூட்டத்தில் உனக்கு அடையாளம் தெரிய வேண்டுமே என்று, என்ன கலர் புடவை கட்டிக்கொண்டு வருவேன் என்று எழுதப் போனேன். எழுதி அடித்துவிட்டேன். அந்த அடித்தல்தான் மேலே நீ பார்க்கிற மைக் கறை. முதல் பிளாட்பாரத்தில் மேம்பாலப் படிக்குக் கீழே, தண்ணீர்க் குழாய்க்கு இடதுபக்கம் நிற்பேன். நீ இறங்குகிறவரைக்கும் அந்த இடத்தை விட்டு நகர மாட்டேன்.

அம்மா